காசுப் பேச்சு படிக்கட்டில் மட்டும்

"எனக்குச் சம்பளம் வேணும்" என்றேன். மாடி ஹால் நடுவில் நின்று, அக்கம்பக்கம் கேட்கிற மாதிரி.

நைனா கையிலிருந்த இட்லி சாம்பாரில் விழுந்தது. அவருக்குப் பின்னால் அதுவரை மஞ்சளாகச் சாதுவாக நின்றிருந்த சுவர், மூலையிலிருந்து நீலம் பாரிக்க ஆரம்பித்தது. வேட்டி ஊறவைத்த வாளியில் யாரோ சொட்டு நீலத்தைக் கவிழ்த்துவிட்ட மாதிரி.

"கீழ போ! கீழ போ!" என்று அலறினார் நைனா. "எத்தினி வாட்டி சொல்லிக்கிறேன், அதைக் கேக்காதேன்னு!"

"கீழ கேட்டா மிஷின் சத்தத்துல காது கேக்கலன்றே. படிக்கட்டுல கேட்டா அப்பால பாக்கலாம்ன்றே. நான் எங்கதான் நின்னு கேக்கறது?"

"எங்கயும் கேக்காதே! சொந்த ஊட்ல எவளாவது சம்பளம் கேப்பாளா? நாளைக்கு உங்கம்மாவும் கேப்பா!"

அம்மா அதைக் காதில் வாங்கவில்லை. அவள் அவசர நடவடிக்கையில் இறங்கிவிட்டாள். சுவருக்கு நேராக உட்கார்ந்து, தலையை விரித்துப் போட்டு, சாவகாசமாகச் சீவத் தொடங்கினாள். தம்பி தினகரன் சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் பாயை உதறி மல்லாந்து குறட்டை விட்டான். எல்லாம் சுவருக்காக. இது குடும்பம் வாழ்கிற வீடுதான் என்று அது நம்ப வேண்டுமே. நான் தடதடவென்று படியிறங்கிப் போய், யாரோ கொடுத்துவிட்டுப் போன மிளகாயை அரைத்துத் தள்ளினேன். சுவர் மறுபடி மஞ்சளாகிவிட்டதாகப் பிற்பாடு தகவல் வந்தது. தன் குறட்டைதான் காரணம் என்று தினகரன் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

என் பெயர் பொற்கொடி. எங்கள் வம்சத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். படித்தது நகரமைப்பு. எந்தத் தெருவில் கடை வரலாம், எங்கே வீடு இருக்கலாம், பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் பட்டறை வைக்கலாமா என்பதையெல்லாம் வரைபடத்தில் கலர் கலராகப் பிரிக்கிற படிப்பு. நான் பாஸானதும் தெருமுனையில் பேனர் வைத்தார்கள். என்னைவிடப் பெரிதாக நைனா படம், அதைவிடப் பெரிதாக மாமா படம். அந்த பேனர் கிழிவதற்குள் மண்டல வாரியம் பூச்சைக் கொண்டுவந்துவிட்டது.

பூச்சு என்றால் சுண்ணாம்பு மாதிரி சுவரில் அடிப்பதுதான். ஆனால் அது பார்க்கும். அறைக்குள் நடப்பது குடித்தனம் என்றால் மஞ்சளாக இருக்கும், வியாபாரம் என்றால் நீலமாகும். வரைபடமும் வேண்டாம், வரைபடம் போடுகிறவளும் வேண்டாம். சுவரே சொல்லிவிடும். நான்கு வருஷம் படித்ததை ஒரு டப்பா பெயிண்ட் செய்கிறது என்றால் எனக்கு எப்படி இருக்கும்? வேலை கிடைக்காமல் கீழே எங்கள் மாவு மிஷினிலேயே நின்றேன். அரைத்தேன், சலித்தேன், மசாலா பாக்கெட் போட்டேன், ஆர்டர் பிடித்தேன், பழுதான மோட்டாருக்கு ஆள் தேடி அலைந்தேன். தினகரனுக்கு பைக் வந்தது. எனக்கு "நம்ம மிஷின்தானம்மா" என்கிற வார்த்தை வந்தது.

சூளையில் எங்கள் வேலாயுத மேஸ்திரி தெரு முழுக்க இந்த மாதிரிதான். கீழே கடை, மேலே வீடு. அல்லது முன்னால் கடை, பின்னால் வீடு. இல்லாவிட்டால் கடைக்குள்ளேயே திரை கட்டி வீடு. அரசாங்கக் கணக்கில் இதற்கு 'கலப்பு' என்று பெயர் இருந்தது. வாரியம் அந்தப் பெயரையே ஒழித்துவிட்டது. இனிமேல் ஒவ்வொரு தளமும் ஏதாவது ஒரு கலர்தான். ஆவணி மாதத்தில் நிர்ணய அலுவலர் வருவார், சுவரைக் கொஞ்ச நேரம் பார்ப்பார், சீல் வைப்பார். மஞ்சள் சீல் விழுந்தால் அங்கே ஒரு தீப்பெட்டிகூட விற்கக் கூடாது. நீல சீல் விழுந்தால் அங்கே ஆள் தூங்கக் கூடாது. தூங்கினால் சுவர் ஊளையிடும். நீல சீல் வாங்கிய டெய்லர் ஒருவர் மதியம் மெஷின் மேலேயே கண் அசந்துவிட்டார். தீயணைப்பு வண்டி வந்து அவர்மேல் தண்ணீர் அடித்துவிட்டுப் போனது.

ஆக, எங்கள் மாடி மஞ்சளாக இருந்தாக வேண்டும். இல்லையென்றால் நைனா, அம்மா, தம்பி, நான், நாலு பேரும் படுக்க இடமில்லாமல் தெருவில் நிற்க வேண்டியதுதான்.

தெரு மொத்தமும் நடிக்க ஆரம்பித்தது. படுக்கையறையில் பியூட்டி பார்லர் நடத்தும் பிலோமினாவிடம் புருவம் திருத்தப் போனால், அவரைச் சித்தி என்று கூப்பிட்டு, மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார வேண்டும். டியூஷன் வாத்தியார் பிள்ளைகளைப் பாயில் படுக்கப் போட்டு அல்ஜீப்ரா நடத்தினார். பாதி வகுப்பு தூங்கிவிட்டது. அதுவும் நல்லதுக்குத்தான் என்றார்.

படிக்கட்டுக்கு மட்டும் பூச்சு அடிக்கவில்லை. அது பொதுவழி, அதற்கு மண்டலம் கிடையாது. அதனால்தான் எல்லா வீட்டிலும் அந்தச் சட்டம் வந்தது: காசுப் பேச்சு படிக்கட்டில் மட்டும். வாடகை, சீட்டு, கைமாத்து, மளிகை எல்லாம் படிக்கட்டில். புருஷன் பெண்டாட்டி சண்டையும் படிக்கட்டில்தான் என்பதால் யார் வீட்டில் என்ன குறைச்சல் என்று தெருவுக்கே தெரிந்தது. கல்யாணப் பேச்சுக்கு ஒரு முறையே வந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் மேல்படியில் நிற்பார்கள், பெண்ணைப் பெற்றவர் கீழ்ப்படியில். பேச்சு முடிந்தால் இரண்டு பேரும் நடுப்படிக்கு வந்து வெற்றிலை மாற்றிக்கொள்வார்கள்.

இதற்கு நடுவில் ஒரு குழப்பம். முனையில் இருக்கிற மஸ்தான் பாய் டீக்கடையை நிர்ணயம் பண்ண அலுவலர் வந்தார். காலையிலிருந்து காசு கைமாறுகிற இடம். சுவர் பளிச்சென்று மஞ்சள்! வீடு என்று சீல் விழுந்துவிட்டது. பாய் இப்போது டீ விற்க முடியாது. நாங்கள் விருந்தாளிகளாகப் போகிறோம், அவர் அழுதுகொண்டே டீ போட்டுக் கொடுக்கிறார், நாங்கள் ஆறுதல் சொல்லிக்கொண்டே குடிக்கிறோம். பால் ஆவி பட்டுப் பூச்சு கெட்டுப்போச்சு என்று தெரு முடிவுகட்டியது.

நைனா மட்டும் வேறு முடிவுக்கு வந்தார்.

"குறட்டை, தலை சீவறது இதெல்லாம் பத்தாது," என்றார் ஒருநாள் படிக்கட்டில் நின்று. "ஆபீசர் வர அன்னிக்கு ஊட்ல ஊட்டுத்தனமா ஒண்ணு நடக்கணும். பெருசா நடக்கணும். பொண்ணு பாக்க வரச் சொல்லிட்டேன்."

"யாரை?"

"உன்னைத்தான். பெரம்பூர் பார்ட்டி. பையன் பேரு இளவழகன், கை கால் புடிச்சு உடற டாக்டரு."

"பிசியோதெரபிஸ்ட்" என்றான் தினகரன்.

"இன்னா எழவோ. யோசிச்சுப் பாரு. பட்டுப்புடவ, பூவு, கேசரி, பஜ்ஜி, பெரியவங்க சிரிக்கறாங்க, நீ கால்ல உழறே. இதை விட ஊடு வேற இன்னா இருக்குது? சுவரு மஞ்சளா மின்னும்டி! கேக்க வேண்டியது, குடுக்க வேண்டியது எல்லாம் படியிலயே பேசி முடிச்சுட்டு மேல வந்துடச் சொல்லிட்டேன். மாடியில ஒரு வார்த்த காசப் பத்தி கெடையாது."

"நான் முடியாதுன்னா?"

நைனா அம்மா பக்கம் கையைக் காட்டினார். அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள். நீல சீல் விழுந்தால் இந்த இடுப்பை அவள் எந்த பிளாட்பாரத்தில் போட்டுப் படுப்பாள்? நான் சரி என்றேன். எனக்கு வேறு ஒரு யோசனையும் ஓடிக்கொண்டிருந்தது. அதை நான் படிக்கட்டில்கூடச் சொல்லவில்லை.

நிர்ணய நாள் வந்தது. அலுவலர் ஆரோக்கியராஜ் ஒல்லியான மனிதர், கழுத்தில் டார்ச் மாதிரி ஒரு மீட்டர். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. அம்மா பஜ்ஜித் தட்டை நீட்டினாள்.

"வேணாம்மா. நான் எடுத்தா சுவர் மாறும்."

"ஒண்ணே ஒண்ணு, சார்."

"ஒண்ணு எடுத்தாலும் மாறும்மா. முந்தாநேத்து ஒரு வீட்ல மோர் குடிச்சேன். அந்த வீடு இப்போ ஹார்டுவேர் கடை."

படிக்கட்டில் கசமுசவென்று சத்தம் கேட்டது. மாப்பிள்ளை வீட்டார் நைனாவோடு பேசிக்கொண்டிருந்தார்கள். நகை, வண்டி, ஏசி என்று காதில் விழுந்தது. பிறகு வெற்றிலை மாற்றுகிற சத்தம், பிறகு சிரிப்பு. மேலே வந்தார்கள். பையனின் அம்மா வசந்தகோகிலம், பையனின் தாய்மாமன், கடைசியாகப் பையன். பையன் வாசற்படியில் தடுக்கி விழப் பார்த்தான்.

நான் கேசரியோடு வந்து குனிந்து கும்பிட்டேன். எல்லாரும் சொல்லிவைத்த மாதிரி சிரித்தார்கள். ஒருத்தர்கூடக் காசைப் பற்றிப் பேசவில்லை. "நல்லா வெயில்" என்றார் தாய்மாமன். "ஆமாங்க, வெயில்" என்றார் நைனா. வசந்தகோகிலம் அன்பாக என் தலையை நிமிர்த்திப் பார்த்தார். காது, கழுத்து, பல், பாதம் என்று இறங்கி, அப்படியே பிரிட்ஜ், டிவி என்று போய், திரும்பவும் என்னிடம் வந்தார். தாய்மாமன் தரையில் எத்தனை டைல்ஸ் என்று கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தார்.

சுவர் நீலமாகவில்லை. கருநீலமானது. மை பாட்டிலை உடைத்த மாதிரி, மேற்கூரையிலிருந்து தரை வரைக்கும். சாமி படத்துக்குப் பின்னால்கூட.

"ஐயோ! சீவு! சீவு!" என்று கத்தினார் நைனா. அம்மா சீப்பைத் தேட, தினகரன் இருந்த இடத்திலேயே விழுந்து குறட்டை விட, தாய்மாமன் அவனுக்கு வலிப்பு என்று நினைத்துக் கையில் சாவியைத் திணித்தார்.

ஆரோக்கியராஜ் மீட்டரைத் தட்டிப் பார்த்தார். "இந்த அடர்த்தியை நான் மொத்த மார்க்கெட்லதான் பார்த்திருக்கேன். அதுவும் காலைல லாரி வந்து நிக்கிற நேரத்துல."

"நாங்க இங்க ஒண்ணுமே கேக்கலையே!" என்றார் வசந்தகோகிலம். "கேட்டதெல்லாம் படிக்கட்டுலதானே கேட்டோம்!"

"படிக்கட்டா? எதுக்கு?"

"காசுப் பேச்சு சுவருக்குக் கேக்கக் கூடாதுன்னுதான், சார்" என்றார் நைனா.

ஆரோக்கியராஜ் எங்களை மாறி மாறிப் பார்த்தார். "சுவருக்கு ஏதுங்க காது?"

தினகரன் குறட்டையை நிறுத்தினான்.

"அது பேச்சைக் கேக்காதுங்க. ஆளைப் பாக்கும். ஒருத்தர் இன்னொருத்தரைப் பார்த்து, இதுல எனக்கு என்ன, இது போனா எனக்கு என்னன்னு எடை போடறப்ப, உடம்புல ஒரு சூடு ஏறும், மூச்சு ஒரு தினுசா நிக்கும். பூச்சு அதைப் பிடிச்சுக்கும். கடைன்னா அதான். எடை போடாம சும்மா கூடி இருந்தா அது வீடு."

"அப்போ மஸ்தான் பாய்?" என்று கேட்டேன்.

"அவர் யாருக்கு எவ்வளவு ஊத்தறோம்னே பாக்காம ஊத்தறார் மேடம். காசை டப்பாவுல போட்டாங்களா, இல்லையான்னும் பாக்கறதில்லை. என்ன பண்றது? எனக்கே கஷ்டமாத்தான் இருந்துச்சு. அங்க டீ நல்லா இருக்கும்."

எதிர்வீட்டு ஜன்னலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பிலோமினாவுக்கு இது கேட்டுவிட்டது. "அடப்பாவிங்களா! அப்போ மூட்டுவலி விசாரிச்சதெல்லாம் வேஸ்ட்டா?" என்று அவர் தெருவுக்குக் கத்த, தெரு முழுக்க இருந்த படிக்கட்டுகளில் அப்போது பேரம் பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்த்தார்கள்.

நைனா அலுவலர் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், இவங்க வெளி ஆளுங்க. இவங்களால ஆச்சு. எங்க குடும்பத்த மட்டும் வச்சுப் பாருங்க. நாங்க எடை போடற ஜாதியே இல்ல, சார். மிஷின்ல தராசு இருக்குது, அதோட சரி."

"ஒரே ஒரு தடவை மறுபார்வை உண்டு. அதுலயும் நீலம்னா நான் சீல் வச்சுட்டுப் போயிட்டே இருப்பேன்."

மாப்பிள்ளை வீட்டாரைப் படிக்கட்டுக்கு அனுப்பினோம். ஆளுக்கு ஒரு படியில் நின்றுகொண்டார்கள். நாங்கள் நாலு பேரும் ஹாலில் வட்டமாக உட்கார்ந்தோம். கருநீலம் வடிந்தது, வடிந்தது, வானத்து நீலத்தில் வந்து நின்றுவிட்டது.

"சார், நீங்க பஜ்ஜியப் பாக்கறீங்க" என்றான் தினகரன்.

ஆரோக்கியராஜ் வெட்கப்பட்டார். அவர் பக்கத்துச் சுவரில் மட்டும் ஒரு நீலத் திட்டு துடித்துக்கொண்டிருந்தது. தட்டை எடுத்துச் சமையலறையில் வைத்தோம். திட்டு மறைந்தது. மற்ற சுவர்கள் அப்படியே.

"அப்போ நம்ம நாலு பேர்லதான் யாரோ" என்றார் நைனா. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஏன் என்னைப் பாக்கறீங்க?"

"அக்கா, நீதானே சம்பளம் கேட்டே."

"கேட்டவளை விடு. கேக்காம வாங்கிக்கினவன் நீ. பைக் எடுத்தவன் முதல்ல வெளியே போ."

எனக்குச் சந்தேகமே இல்லை. மகளைக் காட்டி மாடியைக் காப்பாற்ற நினைத்தவர் நைனா. நான் கல்யாணமாகிப் போனால் மிஷின் தனக்குத்தான் என்று விசிலடித்துக்கொண்டு திரிந்தவன் தினகரன். இன்றைக்குச் சுவர் இவர்கள் முகத்திரையைக் கிழிக்கப் போகிறது என்று எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம்.

தினகரன் வெளியே போனான். சுவர் மாறவில்லை. திரும்பி வந்தான். நைனா போனார். மாறவில்லை. நைனாவுக்கே அது ஆச்சரியம். "நான் இல்லையா?" என்று இரண்டு தடவை கேட்டார். அம்மா எழுந்து போய்விட்டு வந்தாள். அதே நீலம்.

"நான் போறேன். மாறாது, பாருங்க. உங்க பூச்சே டுபாக்கூர்" என்று சொல்லிவிட்டு நான் வாசற்படியைத் தாண்டி வெளியே கால் வைத்தேன்.

உள்ளே அம்மா மெதுவாக, "ஐயோ கொடி" என்றாள்.

திரும்பிப் பார்த்தேன். ஹால் மஞ்சளாக இருந்தது. சாதா மஞ்சள் இல்லை, மஞ்சள் அரைத்துப் பூசிக் குளித்துவிட்டு வந்த மாதிரி ஒரு மஞ்சள். இவ்வளவு நாளில் அந்தச் சுவரை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. பார்த்திருக்க முடியாது. நான்தான் உள்ளே இருந்தேனே.

"அக்கா, உள்ள வா" என்றான் தினகரன். வந்தேன். நீலம். "வெளியே போ." மஞ்சள். "உள்ள வா." நீலம். சுவிட்ச் போட்ட மாதிரி இருந்தது. அவனுக்கு ஒரே சிரிப்பு. நாலாவது தடவை நான் உள்ளே போனது அவனை ஒரு அறை அறைவதற்காக.

"இது நியாயமா சார்?" என்று ஆரோக்கியராஜிடம் பாய்ந்தேன். "உக்காந்து திங்கறவன் குடும்பஸ்தன், உழைச்சுட்டுக் கேக்கறவ வியாபாரியா?"

"எடுத்துக்கறவங்க எடை போட மாட்டாங்க மேடம். அவங்களுக்கு எதுக்கு? அவங்க சும்மா எடுத்துக்குவாங்க, உடம்பு குளுகுளுன்னு இருக்கும். பூச்சுக்கு நியாயம் தெரியாது. சூடுதான் தெரியும்."

"நான் ஒண்ணும் எடை போடலை!"

அவர் சுவரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அடர்த்தியாகிக்கொண்டே போனது.

பொய் சொல்லிப் பிரயோஜனமில்லை. நான் எடைதான் போட்டுக்கொண்டிருந்தேன். ஓசூருக்கு அந்தப் பக்கம் புதிதாக ஒரு ஊர் எழும்புகிறது. அங்கே பூச்சு கிடையாது. எந்த இடத்தில் கடை, எந்த இடத்தில் வீடு என்று உட்கார்ந்து யோசித்து வரைய மனுஷர்கள் வேண்டுமாம். பேசினேன், எடுத்துக்கொண்டார்கள், வருகிறேன் என்று போன வாரமே சொல்லிவிட்டேன். மிஷினில் மரியாதையாக ஒரு சம்பளம் கொடுத்திருந்தால் இருந்திருப்பேன். கொடுக்கவில்லை. அன்றையிலிருந்து ஒவ்வொரு வேளையும் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிற மூன்று பேரையும் பார்த்துக் கணக்குப் போட்டேன். அப்போதெல்லாம் சுவர் லேசாக நீலம் பாரித்ததை மிளகாய் நெடி என்று நாங்களே சொல்லிக்கொண்டோம். நான் போனால் மிளகாய் மூட்டையை யார் தூக்குவார்? அம்மா தூக்கினால் இடுப்பு என்னவாகும்? தினகரன் விடியற்காலை எழுந்திருப்பானா? நைனா என்னோடு எத்தனை மாசம் பேசமாட்டார், அதை நான் தாங்குவேனா? அந்தச் சூட்டைத்தான் சுவர் பிடித்திருக்கிறது. வசந்தகோகிலம் என் பல்லைப் பார்த்த சூடும், நான் அம்மா இடுப்பைப் பார்த்த சூடும் அதற்கு ஒன்றுதான்.

வெளியே வந்து நின்றேன். "சீல் வைங்க சார்."

ஆரோக்கியராஜ் மஞ்சள் சீலைச் சுவரில் அழுத்தினார். நைனா சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகுதான் அவருக்கு அடுத்த கேள்வி வந்தது. "சார், இவ திரும்ப உள்ள வந்தா?"

"அடிக்கடி நீலமானா சீல் தானா கழண்டுடும்."

குடும்பம் அவசரமாகக் கூடிப் பேசியது. நான் வாசலுக்கு வெளியே, அவர்கள் உள்ளே.

"தூங்கும்போது வரட்டும்" என்றான் தினகரன். "தூக்கத்துல எடை போட முடியாதுல்ல? அக்கா, நீ நல்லாத் தூங்கினப்புறம் உன்னை நாங்க தூக்கிட்டு வந்து போட்டுடறோம்."

"எங்க தூங்கினப்புறம்?"

"படியில."

"சோறு நான் மிஷினுக்கு அனுப்பிடறேன்" என்றார் நைனா, ரொம்பத் தாராளமாக. "உனக்கு இன்னாம்மா குறை?"

படிக்கட்டிலிருந்து வசந்தகோகிலம் குரல் கொடுத்தார். "அதெல்லாம் இருக்கட்டுங்க. இந்தப் பொண்ணு எங்க வீட்டுக்கு வந்தா எங்க சுவரும் நீலமாயிடும்ல? எங்களுக்கு ஆவணி கடைசியில நிர்ணயம். வெற்றிலையைத் திருப்பிக் குடுத்துடறோம்."

"நான் மென்னுட்டேனே" என்றார் தாய்மாமன்.

நான் இறங்க ஆரம்பித்தேன். நைனா, "எங்க போறே? மிஷினுக்கா?" என்று கேட்டது பின்னால் கேட்டது. அம்மா மட்டும் கதவைத் தாண்டிப் படிக்கட்டுக்கு வந்தாள்.

"எங்கடி?"

"ஓசூர் பக்கம். வேலை. படிச்ச வேலை."

"எப்ப முடிவு பண்ணே?"

"போன வாரம்."

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். படிக்கட்டுக்குப் பூச்சு கிடையாது, அதனால் அவள் என்ன எடை போட்டாள் என்று எனக்குத் தெரியாது. "மூட்டைய நான் தூக்க மாட்டேன்," என்றாள் கடைசியில். "அவனைத் தூக்கச் சொல்றேன். தூக்கலன்னா மிஷின மூடிட்டுக் குந்தட்டும். நீ போ. நின்னுக்கினே இருக்காதே."

துணிப்பை ஏற்கெனவே கீழே மிளகாய் மூட்டைக்குப் பின்னால் இருந்தது. இழுத்ததும் ஒரு சிவப்புப் புகை கிளம்பியது. தோளில் மாட்டிக்கொண்டு, பட்டுப்புடவையும் பூவுமாகப் படிக்கட்டு வாசலைத் தாண்டினேன்.

"ஹச்!" என்றார் தாய்மாமன்.

"நில்லும்மா! தும்மிட்டார், சகுனம் சரியில்ல!" என்று மேலேயிருந்து நைனா பதறினார். "உள்ள வந்து ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு... இல்ல இல்ல, உள்ள வராதே, அங்கேயே நின்னு குடி!"

"ஹச்!" இது வசந்தகோகிலம். மாப்பிள்ளைப் பையன் இரண்டு படி என் பின்னாலேயே இறங்கி வந்து, "மேடம், அந்த ஊர்ல பிசியோதெரபிஸ்ட்டுக்கு ஏதாவது... ஹச்!" என்று சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"இருந்தா வாங்க. என் பின்னாடி வராதீங்க" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

பை ஆட ஆட மிளகாய்த் தூள் பறந்தது. பிலோமினா ஜன்னலில் தும்மினார். மஸ்தான் பாய் தும்மினார், அவருடைய விருந்தாளிகள் தும்மினார்கள். தெரு நெடுகப் படிக்கட்டுகளில் நின்றவர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தும்மித் தும்மி, நில்லு நில்லு, சகுனம் சரியில்ல, உக்காந்துட்டுப் போ என்று கத்தினார்கள்.

அத்தனை பேரும் தும்மட்டும் என்று நான் முனை திரும்பினேன்.